பெரிய ஒன்பது

ரோசரி வந்து சேர்ந்த நேரத்தில் அமண்டா, ஆந்தை கக்கிய உருண்டைகளை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

சமையல் அடுப்பு இல்லை. ரொட்டி வாட்டும் பழைய மின்னடுப்பு. பின்வாசல் கூரையின் கீழ், சலவை இயந்திரத்தின் பக்கத்தில், இந்த மாதிரி வேலைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். முன்வாசல் வழியாக வருகிறவர்கள் கண்ணில் அது படாது. ஆனால் ரோசரி முன்வாசல் வழியாக வருகிறவர் இல்லை. தம்பி வீட்டுக்கு எதற்கு முன்வாசல் என்று, காரை வேலியோரம் நிறுத்திவிட்டு நேராகப் பின்னால்தான் வருவார்.

“என்னா வாடை இது? சனிக்கிழமை காலையிலேயே கருவாடா?”

“இல்ல அண்ணி. வாங்க, உள்ளாற வாங்க.”

“கருவாடு இல்ல அத்தை,” என்று லூகாஸ் முந்திக்கொண்டான். அவனுக்கு நான்கு வயது. யார் எதைக் கேட்டாலும் பதில் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கும் வயது. “ஆந்தை கக்குனது. மம்மி பேக் பண்றாங்க.”

ரோசரி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “வாந்தியையா?”

“வாந்தி இல்ல அத்தை. ஆந்தை எலியை முழுசா முழுங்கிடும். எலும்பும் முடியும் செரிக்காது. உருண்டையா மேல வந்துடும்.”

“அதுக்குப் பேருதான்டா வாந்தி.”

லூகாஸ் யோசித்தான். “ஆனா அதுக்கு வயிறு வலிக்காது.”

“யேசப்பா! ஆந்தை அலறுனாலே சாவு விழும்பாங்க. இவ என்னான்னா அதைப் பொறுக்கிக் கொண்டாந்து சூடு பண்ணிக்கிட்டிருக்கா.”

“சாவு விழும் அத்தை,” என்றாள் மூத்தவள் இசபெல், கையுறையை மாட்டியபடி, மிகவும் அமைதியாக. “எலிக்கு.”

அமண்டா குனிந்து அடுப்புக் கதவைச் சாத்தினாள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அசாம் ஜாவா ஊரைத் தாண்டி உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தில் அவள் கணவன் பிரெட்ரிக் மண்டோராக, வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவனாக இருந்தான். பழுத்த குலைகளை எலி கொறித்துத் தள்ளுவதால், தோட்டத்தில் அங்கங்கே கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆந்தைக்குப் பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குக் கீழே கறுப்பாக, கட்டைவிரல் அளவில் உருண்டைகள் கிடக்கும். வேலைக்காரர்கள் மிதித்துவிட்டுப் போவார்கள். பிரெட்ரிக்கும் மிதித்துக்கொண்டுதான் இருந்தான், போன வாரம் வரை. இப்போது பிளாஸ்டிக் பையில் பொறுக்கிக்கொண்டு வருகிறான். கிருமி சாகும்வரை சூட்டில் வைத்து எடுத்தால், பிள்ளைகள் ஊசியும் இடுக்கியும் வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இந்த வாரம் ஆந்தை. போன வாரம் செம்பனைக் குலை. அதற்கு முந்தின வாரம் வாய்க்கால். கடல் ஏறும்போது தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று வர்ணம் பூசிய குச்சியை நட்டுப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு பொருள். கணக்கு, அறிவியல், எழுத்து, படம் எல்லாம் அந்த ஒரு பொருளுக்குள்ளேயே வரும். அமண்டா உயிரியல் படித்தவள். இசபெல் பிறக்கும்வரை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே முளைத்தது: ஒரு சொட்டு எண்ணெயை வைத்து இத்தனை விஷயம் தெரிந்துகொள்ள முடிகிறது, நமக்கு ஏன் எல்லாவற்றையும் கரும்பலகையில் காட்டினார்கள் என்று.

ரோசரி கரும்பலகைக்காரர். பிரெட்ரிக்கின் அக்காள். இருபது வருடத்துக்கு மேலாகப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஒரு காலத்தில் காலை, மாலை என்று இரண்டு வேளையும் நடந்த பள்ளி. தோட்டம் கைமாறியது; தமிழர்கள் செரண்டா, புக்கிட் செந்தோசா என்று நகரப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள்; பள்ளிக் கட்டடம் மட்டும் புதிதாக, பெரிதாக ஆனது, பிள்ளைகள் குறைந்தார்கள். வருகிற ஆண்டு முதலாம் வகுப்புக்கு இரண்டே பெயர்தான் பதிவாகியிருந்தது. இசபெலுக்கும் ஏழு வயது ஆகப்போகிறது.

பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கக் கல்வி அமைச்சிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்குப் பிரெட்ரிக் சம்மதிக்க வேண்டும். அவன் ஒரு பக்கம் அக்காள், ஒரு பக்கம் மனைவி என்று மாதக்கணக்கில் தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் மண்டோர் வேலையில் பழகின மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தான்: அக்காள் வரட்டும். பிள்ளையைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருந்தால் அமண்டா விருப்பம். தெரியவில்லையென்றால் பள்ளிக்கூடம்.

இரண்டு பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். இருவருக்குமே தோற்றுப்போவோம் என்ற நினைப்பு இல்லை.

“கொஞ்சம் சொல்லிக் கொடுத்து வையேன்,” என்று நேற்றுகூடப் பிரெட்ரிக் கேட்டான்.

“வேணாம் பிரெட். அண்ணி அவளைத்தானே பார்க்க வர்றாங்க? நான் சொல்லிக் கொடுத்ததையா பார்க்கணும்?”

இன்று அவன் வாங்கி வந்த ரொட்டி சானாய் கூடத்து மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. எல்லாரும் கூடத்தில் எலும்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கறுப்புக் காகிதம் போட்டிருந்தது. இசபெல் உருண்டையை ஊசியால் மெதுவாகப் பிரித்தாள். முடிக்கற்றைக்குள்ளிருந்து ஒரு மண்டையோடு வந்தது. முன்பற்கள் ஆரஞ்சு நிறமாக இருந்தன.

“பல்லு ஏன் இப்படி இருக்கு?” ரோசரி தன்னையறியாமல் குனிந்தார். “பழம் தின்னு தின்னு சாயம் புடிச்சிருச்சா?”

“நானும் அப்படித்தான் அத்தை நெனச்சேன். ஆனா பழம் திங்காத எலிக்கும் அப்படித்தானாம். பல்லுலயே இரும்பு இருக்காம்.”

“ஓ,” என்றார் ரோசரி. பிறகு எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தவராக நிமிர்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்த ஒரு அசைவில் அத்தை போய் டீச்சர் வந்துவிட்டார். லூகாஸ்கூட நேராக உட்கார்ந்தான்.

“இசபெல். அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு? படி பார்ப்போம்.”

இசபெல் கறுப்புக் காகிதத்தை ஒதுக்கினாள். எலி முடி ஒட்டிய தலைப்புச் செய்தி. “கன… மழை… நீடிக்கும். வானிலை… ஆய்வு மையம் எச்… எச்சரிக்கை.”

“எச்சரிக்கைன்னா?”

“பின்னால அடி விழும்னு முன்னாலயே சொல்றது.”

பிரெட்ரிக் சிரித்தான். ரோசரி சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

“எட்டும் ஏழும்?”

“பதினஞ்சு.”

“எப்படிச் சொன்னே, விரலே விடலியே?”

“ஏழுலேருந்து ரெண்ட எடுத்து எட்டுக்குக் குடுத்துட்டேன். அது பத்தாயிடுச்சு. இங்க அஞ்சு பாக்கி.”

“நாப்பதுல பன்னெண்டு போனா?”

“இருபத்தெட்டு.”

ரோசரி தம்பியைப் பார்க்கவில்லை, அமண்டாவைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. சந்தையில் காய்கறியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், சொத்தை எங்கேயும் இல்லையே என்று பார்க்கிற பார்வை. அமண்டாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவளுக்கு இது தெரிந்ததுதான். தன் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி. பத்துப் பத்தா எண்ணு. நூறு வரைக்கும்.”

இது வெறும் முடிப்புக்காகக் கேட்டது. கேட்டுவிட்டு ரோசரி கைப்பையைக்கூட எடுத்துக்கொண்டார்.

இசபெல் உற்சாகமாக ஆரம்பித்தாள். “பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது, அறுவது, எழுவது, எம்பது, ஒம்பது, நூறு!”

கைப்பை மறுபடியும் கீழே இறங்கியது.

“என்ன சொன்னே? மறுபடி சொல்லு. எம்பதுக்கு அப்புறம்?”

“ஒம்பது.”

“எட்டுக்கு அப்புறம் என்ன?”

“ஒம்பது.”

“அதுவும் ஒம்பது, இதுவும் ஒம்பதா?”

இசபெல் அத்தையை அனுதாபத்தோடு பார்த்தாள். பெரியவர்களுக்கு இது தெரியாதா என்பதுபோல. “அது சின்ன ஒம்பது அத்தை. இது பெரிய ஒம்பது.”

பிரெட்ரிக் அமண்டாவைப் பார்த்தான். ஏதாவது சொல்லு, எடுத்துக் கொடு என்று அவன் கண் கெஞ்சியது. எடுத்துக் கொடுக்க ஒரு சொல்தான். அது அமண்டாவின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை சரியாகச் சொன்னாலும் தப்பாகச் சொன்னாலும் அவள் சரி, தப்பு என்று சொல்வதில்லை. ஒரே வார்த்தைதான் சொல்வாள். இப்போதும் அதையே சொன்னாள்.

“காட்டு, இசா.”

இசபெல் எழுந்து ஓடினாள். ஈர்க்குச்சி டப்பாவோடு திரும்பி வந்தாள். செம்பனை ஓலையிலிருந்து உருவி, சமமாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய குச்சிகள். தரையில் கட்டுகளை வரிசையாக அடுக்கினாள். எட்டுக் கட்டு வைத்து, “எம்பது,” என்றாள். இன்னொரு கட்டை வைத்தாள். “ஒம்பது. ஒம்பது கட்டு இருக்குல்ல? இது பெரிய ஒம்பது.” பிறகு கட்டு அவிழ்ந்த குச்சிகளை எண்ணித் தனியாக வைத்தாள். “இது சின்ன ஒம்பது. முப்பதும் பதுன்னு முடியுது, நாப்பதும் பதுன்னு முடியுது, எம்பதும் பதுன்னு முடியுது. அப்போ ஒம்பதும் பத்துக்கட்டுதானே? சின்னதுக்குத்தான் யாரோ தப்பா அந்தப் பேர வச்சிட்டாங்க.”

அமண்டா அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு சரி. ஒன்பது கட்டு, தொண்ணூறு குச்சி, ஒன்றுகூடக் குறையவில்லை. பெயர் மட்டும்தான் இல்லை. ஏன் இல்லை?

ஏன் என்று அவளுக்கு உடனே புரிந்தது. இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அமண்டா பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுவாள். ஆனால் இருபதைத் தாண்டினால் அவள் வாயில் எண் ஆங்கிலமாகிவிடும். ‘அடுப்ப நைன்டில வை.’ பிரெட்ரிக் குலைகளின் எடையை மலாயில் சொல்வான். தொலைபேசி எண் ஆங்கிலத்தில், கடையில் விலை மலாயில். எண்பது வரைக்கும் பிள்ளை எப்படியோ காதில் விழுந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறது. அதற்கு மேலே காதில் எதுவும் விழவில்லை. இல்லாத படியைத் தானே ஒரு பலகை வைத்து அடைத்திருக்கிறது.

“தொண்ணூறு,” என்றார் ரோசரி. “அதுக்குப் பேரு தொண்ணூறு. ஆறு வயசு முடியப்போகுது, நூறு வரைக்கும் தமிழ்ல எண்ணத் தெரியல. பல்லுல இரும்பு இருக்கிறது தெரியுது.”

“அக்கா…” என்றான் பிரெட்ரிக்.

“என்னடா அக்கா? நீதானே சொன்னே, தெரிஞ்சா வீடு, தெரியலேன்னா பள்ளிக்கூடம்னு? என் வகுப்புல இந்த நேரத்துக்கு எந்தப் பிள்ளையும் தொண்ணூறை விடாது லா.”

“தப்பு என்னோடதுதான் அண்ணி,” என்றாள் அமண்டா. “நாங்க நைன்டின்னே சொல்லிப் பழகிட்டோம். அவ காதுல அந்தச் சொல் விழவே இல்ல.”

ரோசரி அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவர், சண்டை இல்லாமல் கொஞ்சம் தடுமாறினார். அந்த இடைவெளியில் இசபெல் புகுந்தாள்.

“தொண்ணூறா? ஆனா இது நூறு இல்லையே அத்தை.”

“யார் நூறுன்னு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க. தொண்… நூறு. நூறுக்கு இன்னும் ஒரு கட்டு வேணும். இது எப்படி நூறாகும்?”

ரோசரி வாயைத் திறந்தார். இருபது வருடமாக ஒவ்வொரு முதலாம் வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கும் பதில் வாய்வரை வந்திருக்க வேண்டும். அமண்டாவுக்கும் அந்தப் பதில் தெரியும். அவளும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ.

ரோசரி அதைச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“பழைய தமிழ்ல ஒம்பதுக்குத் தொண்டுன்னு ஒரு பேரு இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “அந்தத் தொண்டுதான் தொண்ணூறுல ஒட்டிக்கிட்டு இருக்கு. தொண்ணுன்னா ஒம்பதுன்னு வச்சிக்கயேன்.”

“சரி. நூறு ஏன் ஒட்டிக்கிச்சு?”

“அது…” ரோசரி தம்பியைப் பார்த்தார், அமண்டாவைப் பார்த்தார். “எனக்குத் தெரியலடி. நான் அப்படி யோசிச்சதில்ல.”

இசபெல் குச்சிகளுக்குத் திரும்பிவிட்டாள். பதில் தெரியாதவர்களைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. இந்த வீட்டில் அது தினமும் நடப்பதுதான். சின்ன ஒன்பதை எடுத்து, அதன் பக்கத்தில் ஒரு கட்டு வைத்தாள். பெரிய ஒன்பதின் பக்கத்தில் பத்தாவது கட்டையும் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். உதடு அசைந்தது. ஒம்பது, பத்து. தொண்ணூறு, நூறு.

லூகாஸ் ஏதோ சொல்ல வந்தான். அமண்டா அவனை இழுத்து மடியில் உட்கார வைத்து, வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்தாள்.

“அத்தை,” என்றாள் இசபெல். “ஒம்பது மட்டும் அடுத்த வீட்டுப் பேர வச்சிக்குது.”

“என்னது?”

“சின்ன ஒம்பது பத்து இல்ல. ஆனா பதுன்னு வச்சிக்கிச்சு. ஏன்னா அடுத்த வீடு பத்து. பெரிய ஒம்பது நூறு இல்ல. ஆனா நூறுன்னு வச்சிக்கிச்சு. அடுத்த வீடு நூறு.”

“திருட்டுப் பையன்,” என்றான் லூகாஸ், ரொட்டியோடு.

ரோசரி குச்சிக் கட்டுகளைப் பார்த்தார். பிறகு, டீச்சர்களுக்கே உரிய ஒரு ரகசியச் சிரிப்பு அவர் முகத்தின் ஓரத்தில் வந்தது. பிள்ளையைச் சிக்கவைக்கப் போகிற சிரிப்பு.

“எண்ணூறு தெரியுமா? எட்டு நூறு. ஏழு நூறு எழுநூறு, எட்டு நூறு எண்ணூறு. அப்போ ஒம்பது நூறுக்கு என்னா பேரு? யாரும் சொல்லக் கூடாது.” பிரெட்ரிக் பக்கம் விரலை நீட்டினார். “தம்பி, வாயை மூடு.”

“எனக்கே தெரியாது அக்கா. நான் மலாய்ல செம்பிலான் ராத்துஸ்னுதான் சொல்வேன்.”

இசபெல் மேலே பார்த்தாள். சுவரில் இருக்கிறதா என்று தேடுவதுபோலக் கண்கள் நகர்ந்தன. அமண்டா இந்தக் கேள்விக்குப் பிள்ளையைத் தயார் செய்யவில்லை. எந்தக் கேள்விக்குமே தயார் செய்யவில்லை. தயார் செய்யாமல் விட்டதுதான் சரி என்று அவள் இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

“எனக்குப் பேரு தெரியாது,” என்றாள் இசபெல். “ஆனா கடைசில ஆயிரம்னு முடியும்.”

“ஏன்?”

“அடுத்த வீடு ஆயிரம்தானே? அது அந்தப் பேரைத்தான் திருடும். தொண்ணுன்னா ஒம்பதுன்னு சொன்னீங்க. தொண்… தொண்ணாயிரம்?”

கழற்றிய கண்ணாடியை ரோசரி மறுபடி மாட்டிக்கொண்டார்.

“தொள்ளாயிரம்.”

இசபெல் துள்ளிக் குதித்ததில் எலி மண்டையோடு ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டு போனது. லூகாஸ் அதைத் தேடிப் படுத்தான். பிரெட்ரிக், “தொள்ளாயிரம், தொள்ளாயிரம்,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான், புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிறவன் மாதிரி.

“எத்தனை வருஷமா இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்,” என்றார் ரோசரி, யாரிடமும் இல்லாமல். “நான் சொல்றதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளையும் அதைச் சொன்னதில்ல.”

அமண்டா எழுந்து போய்த் தேநீர் கலந்தாள். ரொட்டியையும் சூடு பண்ணி, நல்ல அடுப்பில்தான், எடுத்து வந்து வைத்தாள். ரோசரி ஒரு வாய் குடித்தார்.

“அப்போ என்னக்கா?” என்று பிரெட்ரிக் கேட்டான். கேட்கப் பயந்துகொண்டே கேட்டான். “பாஸா, பெயிலா?”

“நில்லுடா. எல்லாம் உனக்கு லோரி கெளம்புற அவசரம்.”

அவர் குவளையைக் கீழே வைத்தார். வேலம்மாவின் பேத்தியும், கார்த்திகேசு மகன் ஷர்வினும். முதலாம் வகுப்புக்குப் பதிவான அந்த இரண்டு பேரைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அமண்டாவுக்குத் தெரிந்தது. அவர்கள் பெயரை இந்த ஒரு மாதத்தில் அத்தனை தடவை கேட்டிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு கேட்கலாமா?” என்றாள். “நீங்க இசாவுக்காக வந்தீங்களா, பள்ளிக்காக வந்தீங்களா?”

பிரெட்ரிக் நிமிர்ந்து பார்த்தான். அவன் மனைவி அவன் அக்காளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டு அவன் பார்த்ததில்லை.

“ரெண்டுக்கும்தான்,” என்றார் ரோசரி. கோபப்படவில்லை. “ஒளிச்சு என்ன ஆகப்போகுது? ரெண்டு பேரை வச்சு ஒரு வகுப்பு நடத்திப் பாரு அமண்டா. ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தி தனியா உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்ப்பா. பந்து போட்டா புடிக்க ஆள் இருக்காது. மேல இருந்து வர்றவங்க, எத்தனை பேருன்னு ஒண்ணுதான் கேட்பாங்க. இவ வந்தா மூணு. மூணுன்னா ஏதோ வகுப்பு மாதிரி இருக்கும்.”

பிரெட்ரிக் ரொட்டித் தட்டை அக்காள் பக்கம் நகர்த்தினான்.

“இப்ப நான் பெயில்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இவன் வாக்குத் தவற மாட்டான், நீயும் மாட்டே. பிள்ளை என்கிட்ட வந்துடும்.” தேநீரின் ஆடையை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் தடவினார். “கேட்டதுக்குத் தப்பாத்தான் பதில் சொல்லிச்சு. பெயில்னு சொல்ல காரணமும் இருக்கு. ஆனா நான் ஒரு பிள்ளைக்கும் மார்க்கை மாத்திப் போட்டதில்ல. ஏத்தியும் போட்டதில்ல, எறக்கியும் போட்டதில்ல.”

அவர் இசபெலைப் பார்த்தார். இசபெல் சோபாவுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட மண்டையோட்டை ஊதித் தூசு தட்டிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை பாஸ்,” என்றார். “அப்பனும் ஆத்தாளும் பெயில். செம்பிலான் ராத்துஸாம். வெக்கமா இல்ல?”

“இருக்குக்கா,” என்றான் பிரெட்ரிக் சந்தோஷமாக. அவன் முகத்தில் வெட்கத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

அமண்டா காலிக் குவளைகளை அடுக்கினாள். இசபெல் வீட்டில் இருப்பாள். அடுத்த வாரம் இருக்கிறது, அதற்கடுத்த வாரம் இருக்கிறது. மின்மினி வாரத்துக்கு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அவள் நினைத்தபடியே நடந்துவிட்டது. நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ரோசரி கிளம்பினார். பின்வாசலில் செருப்பை மாட்டும்போது கொஞ்சம் மெதுவாக மாட்டினார். வேலியோரம் நடந்து போகும் முதுகைப் பார்த்துக்கொண்டு அமண்டா நின்றாள். அந்த முதுகு ஜெயித்தவள் முதுகு மாதிரியும் இல்லை, தோற்றவள் முதுகு மாதிரியும் இல்லை. இரண்டு பேருக்குப் பாடம் எடுக்கப் போகிறவள் முதுகு மாதிரி இருந்தது.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அமண்டா ஓடினாள். செருப்பைக்கூட மாட்டவில்லை.

“அண்ணி!”

கண்ணாடி இறங்கியது. “என்ன? எதாச்சும் விட்டுட்டேனா?”

“இல்ல.” ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கச் சொன்னாலே புத்தகத்தை வேறு யாரிடமாவது நீட்டிவிடுவாள். பத்துப் பேர் முன்னால் நிற்க முடியாது என்றுதான் ஆசிரியர் பயிற்சிக்கே போகாதவள். “புதன்கிழமை நாங்க பள்ளிக்கு வரலாமா? வாரா வாரம். நானும் இசாவும் லூகாஸும். அந்த வாரம் நாங்க என்ன செய்றோமோ அதைக் கொண்டாறோம். ஷர்வினும் அந்தப் பொண்ணும் சேர்ந்து செய்யலாம். இசாவுக்கும் ஆள் வேணும் அண்ணி. அவ தப்பு அவளுக்கே கேட்கணும்னா, கூட எண்ணறதுக்கு ஆள் வேணும்.”

ரோசரி ஸ்டியரிங்மேல் கை வைத்தபடி அவளைப் பார்த்தார்.

“தலைமையாசிரியரைக் கேட்கணும். ஒத்துக்கிட்டாலும் அவ பேரு பள்ளியில ஏறாது. தெரியும்ல? எண்ணிக்கை ரெண்டுதான்.”

“தெரியும்.”

“நீ வகுப்புல நிப்பியா? எல்லார் முன்னாலயும்? பேசுவியா?”

“நிக்க மாட்டேன். தரையில உட்கார்ந்துக்குவேன்.”

ரோசரி சிரித்துவிட்டார். இன்று வந்ததிலிருந்து முதல் தடவையாக முழுதாகச் சிரித்தார்.

“வா. பேரு ஏறாட்டி என்ன, சத்தமாச்சும் ஏறட்டும். அந்தக் கட்டடத்துக்கு அது போதும் இப்போதைக்கு.” கியரைப் போட்டார். கார் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. “அந்தக் கருமத்தையும் கொண்டாரியா?”

“ஆந்தையையா?”

“அதான். ஷர்வின் பயல் பார்த்தான்னா அப்புறம் வீட்டுக்கே போக மாட்டான்.” கண்ணாடியை ஏற்றத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி டீச்சர் குரலில் சொன்னார். “ஆளுக்கு ஒரு உருண்டை. தம்பியைக் கூடுதலாப் பொறுக்கச் சொல்லு. எனக்கும் ஒண்ணு.”